பாலக்காட்டு எல்லையில், எழுத்தாளர்களின் பூனைகளோடு

வெள்ளி, கொழிஞ்சாம்பாறை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். ஆனால் பஸ்ஸுக்குள் பேச்சு மாறுவதில்லை. கண்டக்டர் மலையாளத்தில் கேட்கிறார், ஏறிய பாட்டி கொங்குத் தமிழில் பதில் சொல்கிறார், டிக்கெட் கைக்கு வந்துவிடுகிறது. கொழிஞ்சாம்பாறைக் கடைப் பலகைகளில் இரண்டு மொழி எழுத்தும் இருக்கின்றன. இங்கேதான் என் பெரியம்மா வீடு. இந்தப் பயணத்தில் எங்கே போனாலும் ராத்திரிக்கு இங்கே திரும்பிவிடுவதாகத் திட்டம்.

எழுத்தாளர்களும் ஓவியர்களும் வளர்த்த பூனைகளைப் பற்றிக் கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் கீ வெஸ்ட் வீட்டையும் அங்கே திரியும் ஆறு விரல் பூனைகளையும் சொல்வார்கள். அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். நான் தேடுவது வேறு. அந்தப் பூனைக்காக அந்த மனிதர் தன் கையால் என்ன செய்தார்? பூனையைப் புகழ்ந்து பத்து வரி எழுதுவது எழுதத் தெரிந்தவருக்குப் பெரிய காரியமில்லை. அதற்குச் சாப்பாடு யார் வைத்தார்கள், அது நோயில் படுத்தபோது யார் பார்த்தார்கள், செத்தபோது யார் குழி வெட்டினார்கள் என்று தெரிந்தால்தான் என் மனம் ஒப்புகிறது.

"பூனையப் பத்தி எழுதறியா கண்ணு? எழுது. அதுவும் ஒரு சீவன்தானே" என்றார் பெரியம்மா. அவர் வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு தாயும் அதன் குட்டிகளும் உண்டு. காலையில் மீன்காரர் ஸ்கூட்டரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்ததும் பெரியம்மாவே கேட் வரைக்கும் நடந்து போய்ப் பூனைகளுக்கென்று மத்தி வாங்குகிறார். மூட்டு வலிக்காரர். வீட்டு வேலைக்கு ஒரு பெண் வருகிறார், அவரை அனுப்பலாமே என்று கேட்டேன்.

"வேலைக்கு வர்ற புள்ளையப் பாத்து, போயி பூனைக்கு மீன் வாங்கிட்டு வான்னு சொன்னா அது மனசு என்ன பாடுபடும்? அப்பறம் அந்தக் கோவம் பூனை மேலதான் திரும்பும்."

கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. லண்டனில் 18-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஜான்சன் செய்ததும் இதேதான். ஆங்கிலத்துக்கு 1755-ல் ஒரு பெரும் அகராதியைத் தந்தவர். அவருடைய பூனையின் பெயர் ஹாட்ஜ். அதற்குக் கடல் சிப்பி வாங்க அவரே தெருவில் இறங்கிப் போவார். வேலைக்காரர்களை அனுப்பினால் அவர்களுக்கு அந்தப் பூனை மேல் வெறுப்பு வந்துவிடும் என்பதுதான் காரணம் என்று அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் 1791-ல் பதிவு செய்திருக்கிறார். பாஸ்வெலுக்குப் பூனை என்றாலே ஆகாது. அந்த வீட்டில் ஹாட்ஜோடு ஒரே அறையில் உட்கார்வது அவருக்குப் பெரும் சங்கடம். அப்படிப்பட்டவர் சொல்வதால் இந்தச் செய்தியை நான் கூடுதலாக நம்புகிறேன்.

ஜான்சனின் தோழி ஹெஸ்டர் த்ரேல் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறார். அந்த வீட்டில் வேலை பார்த்தவர் பிரான்சிஸ் பார்பர். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, சிறுவனாக ஜான்சனிடம் வந்து சேர்ந்த கறுப்பர். நாலு கால் பிராணிக்கு ஏவல் செய்வதாக அவர் மனம் புண்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஜான்சன் தானே போனாராம். பார்பரைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தவரும் ஜான்சன், தன் சொத்தில் பெரும்பகுதியை அவர் பெயருக்கு எழுதி வைத்தவரும் ஜான்சன். பூனைக்கும் குறை வரக் கூடாது, மனிதருக்கும் மானம் போகக் கூடாது என்று இரண்டையும் சேர்த்து யோசித்த ஒரு நடை அது. அவர் அகராதி எழுதிய வீட்டுக்கு எதிரே, காஃப் சதுக்கத்தில், 1997-ல் ஹாட்ஜுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அகராதியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் சிப்பி ஓடுகள்.

சனி, சிற்றூர்

சிற்றூர் தெக்கேகிராமத்தில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம். மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படுகிறவர் தன் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் இது என்பது மரபு. பக்கத்தில் சோகநாசினி ஆறு, தண்ணீர் கொஞ்சமாக, ஆனால் தெளிவாக ஓடியது. அவருடையவை என்று சொல்லப்படும் எழுத்தாணியும் பாதுகையும் இங்கே காக்கப்படுகின்றன. விஜயதசமியன்று குழந்தைகளுக்கு முதல் எழுத்து சொல்லிக் கொடுக்கக் கூட்டம் சேரும். நான் போனபோது ஆளே இல்லை, நிதானமாக உட்கார முடிந்தது.

எழுத்தச்சன் தன் இராமாயணத்தை ஒரு கிளியின் வாயில் வைத்தார். கிளியே, கதை சொல் என்று கேட்க, கிளி பாடுகிறது. கிளிப்பாட்டு என்கிற வடிவமே அப்படித்தான் மலையாளத்தில் வேர்விட்டது. மலைக்கு இந்தப் பக்கம் நம்முடைய கம்பர், தன் இராமாயணத்தைத் தொடங்கும்போது, தன்னை ஒரு பூனையாக நிறுத்திக்கொள்கிறார். அலையோசையோடு உயர்ந்து கிடக்கும் பாற்கடலை ஒரு பூனை நெருங்கி, முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்ததைப் போல, ஆசையால் இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார். "ஒரு பூசை முற்றவும் நக்குபு புக்கென" என்பது அவர் வாக்கு. பூசை என்றால் பூனை.

பள்ளியில் இதை அவையடக்கம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து யோசித்தபோது, கம்பர் பூனை பால் குடிப்பதைக் கிட்டே இருந்து பார்த்தவர் என்று உறுதியாகத் தோன்றியது. அடக்கத்துக்கு எறும்பைச் சொல்லியிருக்கலாம், கொசுவைச் சொல்லியிருக்கலாம். பாலுக்கும் பூனைக்கும் இருக்கும் உறவு தெரிந்ததால்தான் பூனை வந்தது. நக்குதல் என்கிற வினையும் அப்படித்தான். பூனை வாயை முக்கி உறிஞ்சாது. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அதிவேகக் காமிராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். நாக்கின் நுனி பாலின் மேற்பரப்பைத் தொடுகிறது, சட்டென்று மேலே இழுக்கிறது, கூடவே ஒரு மெல்லிய பால்தூண் எழும்புகிறது, அது விழுவதற்குள் வாய் மூடுகிறது. நொடிக்கு ஏறக்குறைய 4 முறை. ஒவ்வொரு முறையும் உள்ளே போவது சில துளிதான். அந்தக் கணக்கில் ஒரு கடல்! பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைத் தொடங்கப் போகிறவருக்கு, பாடல் பாடலாகத்தான் போக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அந்தப் பூனை ஆசை தீராமல் நக்கிக்கொண்டே இருக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தப் பாட்டில் அடக்கத்தைவிட ஆசைதான் அதிகமாகக் கேட்கிறது.

ஞாயிறு, தஸ்ராக்

காலையில் கிணாசேரி வழியாகத் தஸ்ராக் போய்வந்தேன். மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் 1969 நாவல் 'கசாக்கின் இதிகாச'த்துக்கு மண் கொடுத்த கிராமம். பனைகள், வயல், ஞாற்றுப்புரை என்கிற அந்த வயலோரக் கட்டடம், அவர் வரைந்த கேலிச்சித்திரங்கள். யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள் கட்டாயம் ஒருமுறை வரலாம். அங்கே ஆத்மாக்களைச் சுமப்பது தும்பிகள், பூனைகள் அல்ல. அதனால் மேலே எழுதவில்லை.

மத்தியானம் வீட்டில் இருந்தோம். பின்கட்டில் ஒரு செம்பருத்திச் செடியைக் காட்டி, "பழைய கருப்பி இங்கதான் இருக்கறா" என்றார் பெரியம்மா. பதினாலு வருஷம் இருந்த பூனை. செத்த அன்றைக்குப் பெரியப்பாவே கடப்பாரை எடுத்துக் குழி தோண்டினாராம். பெரியப்பா போன பிறகும் அந்தச் செடிக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் நாட்சுமே சோசெகி வீட்டுப் பூனையின் கதையைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். 1904-ல் எங்கிருந்தோ ஒரு குட்டி அவர் வீட்டுக்குள் நுழைந்தது. தூக்கி வெளியே போட்டார்கள், திரும்ப வந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி வந்தது. இவ்வளவு வருகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சோசெகி சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் ஒரு பூனையே கதை சொல்வதாக அவர் எழுதத் தொடங்கிய தொடர்தான் அவரை நாடறியச் செய்தது. அந்த வீட்டுக்கு ஒரு விதத்தில் சோறு போட்ட பூனை என்றே சொல்லலாம். ஆனால் அதற்குக் கடைசி வரை ஒரு பெயர் வைக்கவில்லை.

1908 செப்டம்பரில் அது செத்தது. சோசெகி தன் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் கறுப்புக் கரையிட்ட அஞ்சலட்டையில் சாவுச் செய்தி அனுப்பினார். தோட்டத்தில் புதைத்தார்கள், கல்லறைப் பலகையில் அவரே எழுதினார். பிறகு அதைப் பற்றி ஒரு சிறு கட்டுரையும் எழுதினார். அந்தக் கட்டுரைதான் என்னை உலுக்கியது. பூனை நோயில் மெலிந்துகொண்டே போனதை வீட்டில் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. செத்த பிறகுதான் எல்லோருக்கும் திடீரென்று அக்கறை. அதன் நினைவு நாளில் அவர் மனைவி ஒரு துண்டு சால்மன் மீனும், மேலே காய்ந்த மீன் சீவல் தூவிய சோறும் கல்லறையில் வைப்பார் என்று முடிக்கிறார். பூனையை வைத்துப் புகழ் பெற்ற ஒருவர் இப்படித் தன் வீட்டின் அலட்சியத்தை எழுதி வைத்ததற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

பெரியம்மா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உசுரோட இருக்கையில ஒரு மீன் வெச்சிருக்கலாமில்ல" என்றார்.

திங்கள், கூனத்தறை

ஒற்றப்பாலத்துக்கும் ஷொறணூருக்கும் நடுவே கூனத்தறை. தோற்பாவைக்கூத்தின் ஊர். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் ஆண்டுதோறும் கம்பராமாயணத்தைத் தமிழ்ப் பாடல்களாகவே பாடி, மலையாளத்தில் விளக்கம் சொல்லி, தோல் பாவைகளை ஆட்டுகிறார்கள். தாரிகன் என்கிற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம-ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக இந்தக் கூத்து என்பது ஐதீகம். கோயிலுக்கு எதிரே நிரந்தரமான கூத்துமாடம், வெள்ளைத் திரை, பின்னால் தேங்காய் மூடிகளில் ஏற்றிய 21 விளக்குகள். இராத்திரி முழுக்க நடக்கும். எதிரே மனிதர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் நடக்கும், ஏனென்றால் பார்ப்பவள் அம்மன். கூத்து நடத்துகிறவர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். இந்த ஊர்க் கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கலையை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனவர். அவர் மகன் ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நான் பேசிக்கொண்டிருந்தது பக்கத்து ஊரில் பாவைகள் வைத்திருக்கும் வேறொரு பெரியவரோடு. கம்பன் பாட்டைத் தங்கு தடையில்லாமல் சொல்கிறார், அடுத்த நிமிஷம் மலையாளத்தில் டீ கொண்டுவரச் சொல்கிறார். பெட்டியைத் திறந்து காட்டினார். பழையவை மான்தோல், புதியவை ஆட்டுத்தோல். உளியால் ஒவ்வொரு புள்ளியாகத் துளைத்தவை. அனுமன் வாலின் ஓரத்தில் ஒரு கடி.

"எலியாக்கும். தோலல்லவா, அதுக்கு ருசி" என்றார். அதனால் அவர் வீட்டில் பூனை இல்லாமல் இருந்ததே இல்லை. அப்பா காலத்திலும் இருந்ததாம். பெட்டியின் மேலேயே ஒரு செம்பழுப்புப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பாயில் விட்டார், விரட்டவில்லை.

தன்னைப் பூனை என்று சொன்னவரின் காவியத்தை ஒரு பூனை காவல் காக்கிறது. இதைப் பார்க்கத்தான் வந்தேன் போலிருக்கிறது.

எழுத்தைக் காக்கும் வேலையில் பூனை இருந்ததற்குப் பழைய சாட்சிகள் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஓர் ஐரிஷ் துறவி தன் பாட நோட்டில், தன் மொழியில் ஒரு சிறு கவிதை எழுதி வைத்தார். அவருடைய வெள்ளைப் பூனையின் பெயர் பாங்குர். இருவரும் ஒரே அறையில் இருக்கிறோம், அது எலியைத் தேடுகிறது, நான் பொருளைத் தேடுகிறேன், ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடுவதில்லை, கிடைத்தபோது இருவருக்கும் மகிழ்ச்சி என்கிறார். அந்த ஏடு இன்று ஆஸ்திரியாவில் ஒரு மடத்தில் இருக்கிறது. துறவியின் பெயர் தங்கவில்லை, பூனையின் பெயர் தங்கியது. குறுந்தொகையில் மதுரைக் கண்ணனாரும் நள்ளிரவில் வீட்டெலிக்காகக் காத்திருக்கும் பூனையைக் காட்டுகிறார். அது காதலரின் தூக்கத்தைக் கலைத்த சேவலை, நீ அதற்கு இரையாகிப் போ என்று ஒருத்தி சபிக்கும் பாட்டு.

பெரியவரிடம் குனியோஷியைப் பற்றிச் சொன்னேன். ஜப்பானில் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) 19-ஆம் நூற்றாண்டில் மரச்செதுக்கு ஓவியம் செய்தவர். வேலை செய்யும்போது பூனைக்குட்டியைக் கிமோனோவின் மார்புக்குள் வைத்துக்கொள்வார் என்று அவர் மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒட்டிவைத்தால் எலி அண்டாது என்று ஒரு பூனைப் படமும் அச்சிட்டார். "படம் போதுமா? எனக்கு இவன்தான் வேணும்" என்று பாயில் கிடந்தவனைத் தடவிக் கொடுத்தார்.

செவ்வாய், பேப்பூர்

எல்லையை விட்டு இன்று கடல் வரைக்கும் போனேன். பாலக்காட்டிலிருந்து ரயில், கோழிக்கோட்டில் இறங்கிப் பேப்பூருக்கு பஸ்.

ரயிலில் எட்வர்ட் லியரை நினைத்துக்கொண்டே போனேன். ஆங்கிலத்தில் எழுதிய வேடிக்கைப் பாடல்களால் அறியப்பட்டவர், ஆனால் தொழிலால் நிலக்காட்சி ஓவியர். வைஸ்ராய் நார்த்புரூக் அழைத்ததால் 1873-ல் இந்தியா வந்து, அடுத்த வருஷம் மலபாருக்கும் வந்து வரைந்தார். அப்போது மதராஸிலிருந்து மேற்கே வந்த ரயில்பாதை பேப்பூருக்கு எதிர்க்கரையில், சாலியத்தில்தான் முடிந்தது. கோழிக்கோட்டுக்கு அது நீண்டது 1888-ல், லியர் இறந்த வருஷம். இத்தாலியின் சான் ரெமோவில் அவர் விட்டுவந்த வீட்டில் ஃபாஸ் என்றொரு பூனை இருந்தது. வால் பாதிதான். அழகான பூனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லியர் அதை அரச முத்திரைச் சின்னங்களின் பாணியில் நிமிர்த்தியும் படுக்க வைத்தும் வரைந்து வரைந்து மகிழ்ந்தார். திருமணம் ஆகாதவர், வலிப்பு நோயை வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்திருந்தவர். 1887-ல் ஃபாஸ் இறந்ததும் தோட்டத்தில் கல்லறை எழுப்பினார். சில மாதங்களில் அவரும் போய்விட்டார்.

பேப்பூரில் உரு என்கிற மரக்கப்பல்களைக் கட்டும் தளங்களையும் துறைமுகத்தையும் பார்த்துவிட்டு, மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் வாழ்ந்த வீட்டுப் பக்கம் நடந்தேன். குடும்பம் வாழும் வீடு, அதனால் வெளியிலிருந்தே பார்த்தேன். இங்கே மாங்கோஸ்டின் மரத்தடியில் சாய்வு நாற்காலியில் கிராமபோன் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது மலையாளிகள் எல்லோருக்கும் பழகிய காட்சி. 1994-ல் இங்கேயே காலமானார்.

அவருடைய 'மாந்திரிகப் பூச்ச' (மந்திரப் பூனை) 1968-ல் வந்தது. வீட்டுக்கு வந்த ஒரு பூனையைச் சுற்றி மனைவி, மகள், அக்கம்பக்கத்துப் பெண்கள், பேச்சு, சண்டை. பெண் என்று நினைத்திருந்த பூனை ஆண் என்று தெரியவருவதுதான் அதில் பெரிய சம்பவம். 'பாத்துமாவின் ஆடு' இன்னும் ஒரு படி மேலே. அந்த ஆடு பஷீரின் சொந்தப் புத்தகங்களையே தின்கிறது. அவர் அதன் வாயிலிருந்து பிடுங்குவதில்லை. அதை அவர் 1954-ல் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது எழுதினார். இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ஸ்மார்ட் என்கிற கவிஞரும் மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டிருந்தபோதுதான், 1759-க்கும் 1763-க்கும் இடையில், தன்னுடன் இருந்த ஜெஃப்ரி என்கிற பூனையின் ஒவ்வொரு அசைவையும் இறைவணக்கமாகக் கண்டு எழுதினார். அந்தக் கவிதை 1939 வரை அச்சேறவில்லை. எல்லோரும் விலகி நின்ற நாட்களில் இந்த இருவருக்கும் விலங்கின் முகம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் எழுதியதில் கொஞ்சல் இல்லை, கூடவே வாழ்ந்த கவனம் இருக்கிறது.

பஷீரின் 'பூமியின் அவகாசிகள்' (பூமியின் உரிமைக்காரர்கள்) என்ற கதையையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னந்தோப்பு வாங்கிய ஒருவர், இது என் நிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பறவை, பாம்பு, பூச்சி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. வௌவால்கள் இளநீரைக் குடிக்கின்றன. சுட்டுவிடலாம் என்கிறார்கள். அவர் மறுக்கிறார், இந்தப் பூமியில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்று வீட்டில் வாதாடுகிறார்.

ரயில் ஏறியதும் பெரியம்மாவுக்குப் போன் செய்து இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கும் நல்லேப்பிள்ளிப் பக்கம் கொஞ்சம் தென்னை உண்டு, வௌவால் தொல்லையும் உண்டு.

"வௌவாலு தின்னது போக மிச்சக் காயி வீட்டுக்கு ஆகுமில்ல?" என்று கேட்டார்.

ஆகும் பெரியம்மா என்றேன்.

"அப்பறம் என்னத்துக்குச் சுடோணுங்கறாங்க?"